ஒற்றைப்படைத் தேதிக்காரர்

சத்தூர்னினோ பெர்ரோகால் முப்பத்துநாலு வருடம் மாட்ரிட்டின் சோல் மெட்ரோ நிலையத்தில் ஆட்களை ரயிலுக்குள் தள்ளினார். கையால் தள்ளக்கூடாது என்பது விதி. குரலாலேயே தள்ளுவார். "உள்ள போங்க, கதவ விட்டுத் தள்ளி நில்லுங்க, அடுத்த வண்டி ரெண்டு நிமிஷத்துல." இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"தூக்கத்துல சொன்னதையும் சேத்தா?" என்றார்.

தூக்கத்தில் சொன்னதற்கு அவர் மனைவி ஃபுவென்சிஸ்லா சாட்சி. நடு இரவில் மனைவியை எழுப்பிச் சுவரோரமாக ஒதுங்கச் சொல்வாராம்.

என் பெயர் விசித்தசியோன். எல்லோருக்கும் விசி. மாட்ரிட்டில் மொந்தால்வோ அருங்காட்சியகத்தில் பதினாலாம் அறைக் காவலாளி. பத்தொன்பது வருடமாக ஒரே நாற்காலி. எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்துக்காகத்தான் வருகிறார்கள். கீழே பெரிய கூடத்தில், மடியில் குரங்கை வைத்துக்கொண்டு நம்மைப் பார்க்கிற சீமாட்டி. பதினாலாம் அறை மாடியில், கழிப்பறையைத் தாண்டி இருக்கிறது. அங்கே மாட்டியிருந்தது யார் வரைந்தது என்றே தெரியாத ஒரு படம். பலகைமேல் ஒரு மீன், மூன்று வெங்காயம், ஒரு செம்புப் பாத்திரம். வழி தவறி வருகிறவர்கள் "கழிப்பறை எங்க?" என்று கேட்பார்கள். கை காட்டுவேன். அதற்குத்தான் எனக்குச் சீருடை.

ஓய்வு பெற்ற சத்தூர்னினோவுக்கு இருந்த ஆசை ஒன்றுதான். ஆள் இல்லாத இடத்தில் உட்கார வேண்டும். ஃபுவென்சிஸ்லாவோ நேரெதிர். மாலையானால் அவர் வீட்டில் பன்னிரண்டு பெண்கள் சீட்டாடுவார்கள். ஒருவர் ஜெயித்தால் தெரு முனைவரை கேட்கும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடுவில் நடமாடிய கணவரை எங்கே அனுப்புவது என்று யோசித்து, எங்கள் அருங்காட்சியகத்துக்கு ஒரு வருட அனுமதி அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டார்.

"அமைதியான எடம், சத்தூர். படத்துல இருக்குறவங்கல்லாம் செத்து நானூறு வருஷம் ஆச்சு. ஒருத்தரும் ஒன்ன இடிக்க மாட்டாங்க. போய்ட்டு வா."

பாவம், அவர் முதல்முறை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு. ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

"என்ன பாத்த?" என்று கேட்டார் மனைவி.

"ரெண்டு வழுக்கை, ஒரு வைக்கோல் தொப்பி, பதினேழு போன்."

"சீமாட்டி?"

"அவ ஒரு போனுக்குள்ள இருந்தா."

வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். சத்தூர்னினோவுக்குக் கூட்டத்தைப் பிடிக்காதே தவிர, கூட்டத்தைப் போல அவருக்குத் தெரிந்த விஷயம் உலகில் வேறு எதுவும் கிடையாது. எந்த நேரத்தில் எங்கே சேரும், எந்த மழைக்குக் கலையும், எந்தக் கால்பந்தாட்டத்துக்கு ஊரே காலியாகும் என்பதெல்லாம் அத்துப்படி. ஒரு வாரம் எங்கள் எதிர்ப்புற நடைபாதையில் நின்று வருகிறவர்களையும் போகிறவர்களையும் பார்த்தார். எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று பத்துக்கு உள்ளே வந்தார். எங்கள் ஊர் முழுக்க மதியச் சாப்பாட்டு மேசையில் இருக்கிற நேரம். பெரிய கூடத்தில் அப்போதும் நாற்பது பேர். அதைச் சுற்றிக்கொண்டு மாடி ஏறி, கழிப்பறையைத் தாண்டி, என் அறைக்கு வந்து சேர்ந்தார்.

வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, இங்க யாராச்சும் வருவாங்களா?"

"கழிப்பறை தேடி வருவாங்க."

"எத்தன பேரு?"

"ஒரு நாளைக்கு ஆறேழு பேரு."

"மூணு மணிக்கு மேல?"

"அப்ப யாருக்கும் அவசரம் வராது. எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க."

விசுப்பலகையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் மீனைப் பார்த்தார். நடுவில் ஒருமுறை எனக்குச் சந்தேகம் வந்து எழுந்து போய் அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்தேன். கண்களில் தண்ணீர் நின்றிருந்தது.

"உடம்புக்கு என்ன, தோன் சத்தூர்னினோ?" பெயரை அட்டையில் பார்த்திருந்தேன்; 'தோன்' மரியாதைக்கு.

"ஒண்ணுமில்ல மகளே. இந்த மீன் எங்கயும் போக அவசரப்படல."

அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள். மழை கொட்டினால் நான்கு. இரண்டு மாதம் இப்படி நிம்மதியாகப் போயிற்று. அக்டோபரில் எர்மெலிந்தா ஸுபீரி வந்தார்.

அவர் நாற்பது வருடம் வய்யேகாஸ் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக்கூடத்தை மேற்பார்த்தவர். முந்நூறு பிள்ளைகள், முந்நூறு கரண்டிகள். அவரும் ஓய்வு பெற்றிருந்தார், அவருக்கும் சத்தம் ஆகாது. அவரும் உட்கார்ந்து யோசித்து, மாட்ரிட்டிலேயே மிகக் காலியான நேரம் செவ்வாய் பிற்பகல் மூன்று பத்து என்றும், மிகக் காலியான அறை கழிப்பறையைத் தாண்டியது என்றும் தானாகவே கண்டுபிடித்திருந்தார்.

வாசலில் நின்றவர் விசுப்பலகையில் ஒரு முதுகைப் பார்த்தார். என்னிடம் குனிந்தார்.

"இன்னிக்கு என்ன இப்படிக் கூட்டம்?"

"ஒருத்தர்தானே, அம்மா."

"நான் வந்துட்டேனே. இப்ப ரெண்டு."

அவர் விசுப்பலகையின் மறுமுனையில் உட்கார்ந்தார். சத்தூர்னினோ ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து என்னிடம் வந்தார்.

"அந்தம்மா எப்ப போவாங்க?"

"தெரியல."

"போய்க் கேளேன்."

"அப்படியெல்லாம் கேக்கக்கூடாது."

"சோல்ல நான் தெனமும் கேப்பேனே."

அடுத்த வியாழன் அவர் நான்கரைக்கு மாற்றினார். அதே வியாழன் அந்த அம்மாளும் அவரிடமிருந்து தப்பிக்க நான்கரைக்கு மாற்றியிருந்தார். நவம்பரில் இரண்டு மாட்ரிட் அணிகளும் மோதிய ஆட்டத்தன்று, ஊரே தொலைக்காட்சி முன்னால் அடைந்து கிடந்தபோது, இருவரும் இரண்டு வாசல் வழியாக ஒரே நிமிடத்தில் என் அறைக்குள் நுழைந்தார்கள். புயல் எச்சரிக்கை விட்ட நாளில் நானே வேலைக்கு வரலாமா என்று யோசித்தேன். அவர்கள் இருவரும் வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"என்னப் பின்தொடர்ந்து வர்றீங்களா?" என்றார் சத்தூர்னினோ.

"நான் ஒங்களுக்கு முன்னாடியே வந்துட்டேன். முன்னாடி வர்றவ எப்படிப் பின்தொடர்வா?"

"அப்ப நான் வர்றது ஒங்களுக்கு எப்படித் தெரியுது?"

"புத்தி இருக்குறவங்க இந்த நேரத்துலதான் வருவாங்க. நீங்க எப்படி வர்றீங்கன்னுதான் எனக்குப் புரியல."

விவகாரம் முற்றியது டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி. கிறிஸ்துமஸ் லாட்டரி குலுக்கும் காலை. பள்ளிப் பிள்ளைகள் எண்களைப் பாட்டாகப் பாடுவதை ஸ்பெயின் முழுவதும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும். நானும் ஒரு காதில் வானொலியை மாட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வருடத்திலேயே இதைவிடக் காலியான காலை கிடையாது. பெரிய கூடத்திலேயே நான்கு பேர்தான். பதினாலாம் அறையில் இருவர், விசுப்பலகையின் இரு முனைகளில், ஒருவரையொருவர் பார்க்காமல்.

இனி பொறுக்க முடியாது என்று அன்றைக்கு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அருங்காட்சியக வரைபடத்தின் பின்பக்கத்தில் எர்மெலிந்தா எழுதினார். ஒற்றைப்படைத் தேதி சத்தூர்னினோவுக்கு. இரட்டைப்படை எர்மெலிந்தாவுக்கு. அடுத்தவர் நாளில் கழிப்பறைக்கு வந்தாலும் அறைக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது. கீழே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சியாக நான். என் காதில் அப்போது பெரிய பரிசு எண்ணைப் பாடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் போட்ட சத்தத்தில் எந்த எண் என்று எனக்குக் கேட்கவில்லை.

ஒரு மாதம் ஒழுங்காக நடந்தது. ஒழுங்காக என்றால், ஓர் இரட்டைப்படை நாளில் சத்தூர்னினோ வந்து, மீனைப் பார்க்காமல் அண்ணாந்து கூரையையே அரை மணி பார்த்துவிட்டுப் போனார். உடன்படிக்கையில் கூரையைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார். இந்த மாதிரிச் சில்லறைத் தகராறுகள்.

புத்தாண்டையொட்டி டிசம்பர் முப்பத்தொன்றும் ஜனவரி ஒன்றும் எங்களுக்கு விடுமுறை. ஜனவரி முடிந்தது. முப்பத்தொன்றாம் தேதி அவர் வந்தார். மறுநாள் பிப்ரவரி ஒன்று. அதுவும் ஒற்றைப்படை. மறுபடியும் வந்தார். எர்மெலிந்தாவும் வந்து வாசலில் நின்றார்.

"நேத்து ஒங்க நாள்."

"இன்னிக்கும் என் நாள்தான். ஒண்ணு ஒற்றைப்படை."

"அடுத்தடுத்து ரெண்டு நாளா?"

"நாட்காட்டிய நான் போடல, அம்மா."

"வருஷத்துக்கு ஏழு மாசம் முப்பத்தொண்ணு வரும். இது தெரிஞ்சுதான் ஒற்றைப்படையக் கேட்டு வாங்குனீங்க."

தெரிந்துதான் வாங்கினார். அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

எர்மெலிந்தா நேராகக் கீழே போய்ப் புகார்த் தாள் கேட்டார். எங்கள் ஊரில் புகார்த் தாள் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும், எழுதினால் பதில் சொல்லியே ஆகவேண்டும். 'பதினாலாம் அறையில் தாங்க முடியாத நெரிசல்' என்று எழுதினார். பின்னாலேயே இறங்கி வந்த சத்தூர்னினோ தானும் ஒரு தாள் வாங்கி, அதே வார்த்தைகளை, இன்னும் பெரிய எழுத்தில் எழுதினார்.

எங்கள் இயக்குநர் இத்துர்பெ எதையும் முறைப்படி செய்கிறவர். இரண்டு புகார்களையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். கதவுக்குமேல் ஆட்களை எண்ணும் கருவி இருக்கிறது. அதைச் சோதித்தார்.

"விசி, அன்னிக்கு அதிகபட்சம் எத்தன பேரு இருந்தாங்க?"

"ரெண்டு பேரு, ஐயா."

"அந்த ரெண்டு பேருமே நெரிசல்னு எழுதியிருக்காங்களா?"

"ஆமா."

"அப்ப நூத்துக்கு நூறு பேருக்கு நெரிசல்," என்றார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. இருவர் இருந்தால் நெரிசல் என்று நிரூபணம் ஆகிவிட்டதால் அறையின் கொள்ளளவு ஒருவர் என்று முடிவு செய்தார். மறுநாளே பித்தளைக் கம்பங்களும் சிவப்புக் கயிறும் வந்தன. ஒரு பலகையும் மாட்டினார்கள்: 'ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். தயவுசெய்து வரிசையில் காத்திருக்கவும்.'

எங்கள் ஊர் ஆட்களுக்கு ஒரு பழக்கம். வரிசை போலத் தெரிந்தால் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். "கடைசி ஆள் யாரு?" என்று கேட்டு அவருக்குப் பின்னால் நின்றுவிடுவார்கள். முதல் நாள் கயிற்றுக்குள் நின்றவர் தன் மனைவி கழிப்பறையிலிருந்து வரக் காத்திருந்தவர். அவருக்குப் பின்னால் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வரிசை மாடிப்படியில் இறங்கியது. ஒரு வாரத்தில் தெருவுக்கு வந்துவிட்டது. ஒரு பெண் கழிப்பறை வரிசை என்று நினைத்து ஒரு மணி இருபது நிமிடம் நின்று, உள்ளே போய் மீனைப் பார்த்ததும் அழுதே விட்டார். எதற்காக அழுதார் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பத்திரிகைக்காரர் கேட்காமலே எழுதிவிட்டார். ஸ்பெயினில் தனிமை இன்னும் மிஞ்சியிருக்கும் ஒரே அறை என்று அரைப் பக்கம். அதன் பிறகு வரிசை மூலை திரும்பியது. கீழே கடையில் வெங்காயப் படம் போட்ட குடை விற்றார்கள்.

மார்ச் ஏழாம் தேதி சத்தூர்னினோ வந்தார். ஒற்றைப்படை. மழை கொட்டியதில் தெருவில் நின்றவர்கள் கலைந்து போயிருந்ததால், மாடிப்படி அடியில் வரிசையின் வாலில் நின்றார். பத்து நிமிடம் கழித்துப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"கடைசி ஆள் யாரு?"

திரும்பினார். எர்மெலிந்தா.

"நான்தான்," என்றார் சத்தூர்னினோ.

"இன்னிக்கு ஒங்க நாள், தெரியும். இனிமே யாரோட நாள் எதுன்னு யாரு பாக்கப் போறா."

"ஒங்க புகார்னாலதான் இவ்வளவும்."

"என்னோடது ஒரு தாள். ஒங்களோடதும் சேந்துதான் ரெண்டு."

அந்த நேரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்பது பேர் படியில் மேலேறி வரவும், மேலிருந்து பார்த்து முடித்தவர்கள் கீழே இறங்கவும், படி அடைத்துக்கொண்டது. யாரோ ஒரு கிழவரின் ஊன்றுகோல் உருண்டது. நான் மேலிருந்து கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அப்போது கீழிருந்து ஒரு குரல் எழும்பியது.

"எறங்குறவங்க வலது பக்கம். ஏறுறவங்க சுவரோரம். கதவ விட்டுத் தள்ளி நில்லுங்க."

கூட்டம் அப்படியே இரண்டாகப் பிரிந்தது. அந்தக் குரல் நின்றதும் இன்னொன்று, அவ்வளவு சத்தமில்லாதது: "கை கட்டு. வாய மூடு. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்." எண்பது பிள்ளைகளும் கை கட்டினார்கள். அவர்களுடைய ஆசிரியரும் கட்டினார்.

இரண்டே நிமிடத்தில் படி ஒழுங்காகிவிட்டது. இருவரும் திருட்டில் பிடிபட்டவர்கள் போல நின்றார்கள். இத்துர்பெ ஓடி வந்தார். இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். அருங்காட்சியகத்தின் தன்னார்வலர்களாகச் சேர வேண்டும், அட்டையும் கழுத்துப்பட்டையும் உடனே தருகிறேன், வரிசை இனி உங்கள் பொறுப்பு என்றார். அட்டை எடுக்க அவர் அறைக்குப் போன இடைவெளியில் சத்தூர்னினோ அந்த அம்மாளைப் பார்த்தார்.

"ஓடிறலாமா?"

"எங்க?"

அவர் பக்கத்தில் இருந்த கதவைத் தள்ளினார். அது பெரிய கூடம்.

அங்கே ஒருவரும் இல்லை. அருங்காட்சியகத்துக்கு வந்த அத்தனை பேரும் மீன் வரிசையில் நின்றிருந்தார்கள். குரங்குச் சீமாட்டி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். கூடத்துக் காவலாளி கௌதென்சியோ, இருபத்தாறு வருட வேலையில் முதல்முறையாக, நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். கதவுச் சத்தத்தில் விழித்தவன் தூங்குவது போலவே கிடந்துவிட்டான். நடந்ததை எனக்குச் சொன்னது அவன்தான்.

"இவதானா?" என்றார் எர்மெலிந்தா.

"இவதான்."

"சின்னவளா இருக்கா."

"நானும் பெருசா இருப்பான்னு நெனச்சேன்."

இருபது நிமிடம் நின்று பார்த்தார்கள். வெளியே இத்துர்பெ அட்டைகளோடு அவர்களை வரிசையில் தேடிக்கொண்டிருந்தார். பிறகு எர்மெலிந்தா ஒரு அடி முன்னால் போனார்.

"இந்தக் குரங்குக்குச் சளி."

"என்னது?"

"மூக்கப் பாருங்க. நாப்பது வருஷம் பிள்ளைங்க மூக்கத்தான் பாத்தேன். ஒழுகுது."

சத்தூர்னினோ கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். குரங்கின் மூக்கின் கீழே எறும்பு முட்டை அளவு ஒரு வெள்ளைப் புள்ளி.

"அவ கையில கைக்குட்டை எதுக்குன்னு நெனச்சீங்க?" என்றார் எர்மெலிந்தா. "தொடைக்கப் போறா. அதுக்குள்ள யாரோ கூப்பிட்டுட்டாங்க. அதான் இந்தப் பார்வை. 'இருங்க, இதத் தொடச்சிட்டு வர்றேன்'னு."

கைக்குட்டை உயர்குடிப் பிறப்பின் அடையாளம் என்று எங்கள் கையேட்டில் நான்கு மொழியில் அச்சிட்டிருக்கிறது. கௌதென்சியோ அதை இருபத்தாறு வருடமாகப் பயணிகளுக்குச் சொல்லி வந்தவன். தூங்குவது போல நடிப்பதை விட்டுவிட்டு எழுந்து வந்து பார்த்தான். துடைக்கத்தான் போகிறாள். அதில் சந்தேகமே இல்லை.

சத்தூர்னினோ சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாமல், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை. வரிசைக்கு நடுவே மாடியில் நின்று காதால்தான் கேட்டேன்.

ஏப்ரலில் இத்துர்பெ முறைப்படி இன்னொரு முடிவெடுத்தார். கூட்டம் மீனுக்குத்தான் வருகிறது, ஆகவே மீன் பெரிய கூடத்துக்கு. சீமாட்டியை யாரும் பார்ப்பதில்லை, ஆகவே அவள் பதினாலாம் அறைக்கு. கயிறும் பலகையும் மீனோடு இறங்கிப் போயின. கௌதென்சியோ மீனோடு கீழே இருக்க மறுத்து, என் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டான். வழி தவறி மாடிக்கு வருகிறவர்கள் இப்போது சீமாட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கழிப்பறை எங்கே என்று கேட்கிறார்கள்.

ஃபுவென்சிஸ்லா தன் பன்னிரண்டு தோழிகளோடு ஒருநாள் மீனைப் பார்க்க வந்தார். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றதுதான் அன்றைய நாளின் உச்சம் என்றார். புதிதாக ஒன்பது பேரோடு பழக்கமாகி, அதில் இருவர் இப்போது சீட்டாட்டத்துக்கும் வருகிறார்களாம்.

ஒற்றைப்படை, இரட்டைப்படை எல்லாம் போயிற்று. செவ்வாயும் வியாழனும் மூன்று பத்துக்கு இருவரும் வருகிறார்கள். விசுப்பலகையின் இரு முனைகளில் உட்காருகிறார்கள். ஒருமுறை சத்தூர்னினோவிடம் மீனை நினைத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன்.

"நல்ல மீனு. ஆனா மகளே, முப்பத்துநாலு வருஷம் மனுஷங்களத் தலையாத்தான் பாத்தேன். இத்தன தல இந்தப் பெட்டி, இத்தன தல அடுத்த பெட்டி. ஒரு மூஞ்சிய ஒரு மணி நேரம் பாத்தது இவளத்தான்."

"வீட்டுல ஒரு மூஞ்சி இருக்குமே," என்றார் மறுமுனையிலிருந்து எர்மெலிந்தா.

"அதயும் இப்பப் பாக்குறேன். என்ன பாக்குறேன்னு கேட்டுத் திட்டுறா."

ஒரே கஷ்டம் சாப்பாடுதான். ஊர் சாப்பிடும் நேரத்தில் படம் பார்த்துவிட்டு நான்கரைக்கு எதிர்த் தெரு மதுக்கடைக்குப் போனால், சமையலறை மூடியிருக்கும். ஆறிய முட்டை ஆம்லெட்டும் ஆலிவ் காயும்தான் கிடைக்கும். கடைக்காரர் இலார்யோ ஒருநாள் என்னிடம் முறையிட்டார்.

"கட முழுக்கக் காலி. இவரு அந்த மேசை, அந்தம்மா இந்த மேசை. நடுவுல ஒரு மேசைய விட்டுட்டு, கத்திக் கத்திப் பேசுறாங்க, ஏதோ கொரங்குச் சளியப் பத்தி. ஒரே மேசைல ஒக்காரலாமேன்னேன். நெருக்கமா இருக்கும்ங்கறாங்க."

போன வியாழன் எனக்கு விடுப்பு. நான்கரைக்கு நான் அந்தக் கடைக்குள் போனபோது இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நடு மேசையில் உட்கார்ந்தேன். எர்மெலிந்தா தன் ஆலிவ் கிண்ணத்தை எட்டி என் மேசையில் வைத்தார். சத்தூர்னினோ குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, சீமாட்டியின் இடது புருவத்தைப் பற்றிப் பேச்சைத் தொடர்ந்தார்.